ஒரு சக்கரம் வெளியே

ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீருக்காக என் அக்காவிடம் கெஞ்சிக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கெஞ்சியவர் அவளுடைய கணவர்தான், என் மாமா. அவரை எல்லாரும் ‘டேங்கு’ என்று கூப்பிடுவார்கள். தண்ணீர் லாரி ஓட்டுவதால் வந்த பெயர் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை, அவர் தண்ணீர் குடிக்கிற அழகுக்கு வந்த பெயர். செம்பைத் தூக்கி அண்ணாந்தால் அது காலியாகிற வரைக்கும் தொண்டை ஏறி இறங்குவது நிற்காது. தலைவலியா, தண்ணீர் குடி. கோபமா, தண்ணீர் குடி. என் அம்மா செத்த அன்று மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த என்னிடம் வந்து அவர் சொன்ன ஒரே ஆறுதல், “தண்ணி குடி மாப்ள” என்பதுதான். மற்றத் தண்ணியை மட்டும் தொட மாட்டார். அது உடம்பை வற்ற வைத்துவிடுமாம்.

அந்த லாரியில் பக்கத்து இருக்கை என்னுடையது. வால்வைத் திறப்பது, ஹோஸை இழுத்துப்போய் வீட்டுத் தரைத்தொட்டிக்குள் விடுவது, நனைந்த காலோடு திரும்ப ஏறுவது எல்லாம் என் வேலை. அதனால் நான் ‘ஹோஸு’. இதற்கு முன்னால் இரண்டு பேரும் ஜல்லி லாரியில் இருந்தோம். அங்கே நாங்கள் கற்ற ஒரு வித்தை இந்தக் கதையில் பிற்பாடு வரும். பெருமைப்படும்படியான வித்தை இல்லை, இருந்தாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு முதலில் வீங்கியது கால். செருப்பைக் கழற்றினால் வாருடைய தடம் பள்ளமாக நிற்கும். “செருப்பு சரியில்ல” என்று புதுச் செருப்பு வாங்கினார். பிறகு கேபினில் ஏறும்போது மூச்சு வாங்கியது. “படி உசரம்” என்றார். பிறகு படுத்தால் மூச்சு முட்டியது, தலையணை மேல் தலையணையாக அடுக்கிக் கடைசியில் உட்கார்ந்தே தூங்கினார். “கட்டில் சரியில்ல” என்று சொல்ல வாயெடுத்தபோது அக்கா அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அக்கா மார்க்கெட்டில் காய்கறி விற்பவள். அழுகல் எது, நல்லது எது என்று தொட்டே சொல்லிவிடுவாள். அவர் காலைத் தொட்டுப் பார்த்த அன்று அவள் கடையையே திறக்கவில்லை.

இதய டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். “உங்க இதயம் ஒரு மோட்டார் மாதிரி. அது வீக் ஆயிடுச்சு, முழுசா தள்ள மாட்டேங்குது. அதனால தண்ணி கால்ல தேங்குது, நுரையீரல்லயும் தேங்குது. இந்த மாத்திரை அந்தத் தண்ணிய ஒண்ணுக்கு வழியா வெளிய எடுத்துடும்.”

“அப்படின்னா வால்வைத் திறந்து விடற மாத்திரை” என்றார் மாமா.

“அப்படியே வெச்சுக்குங்க.”

அந்த அம்மா அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. லாரிக்காரனுக்கு லாரியை வைத்து விளக்கம் சொன்னால், அவன் உங்களைவிட ஒரு மைல் முன்னால் போய்விடுவான்.

மற்ற விதிகளையும் சொல்லி அனுப்பினார். தினமும் காலையில் மாத்திரை. உப்பு குறைவு. தண்ணீர் அளந்துதான். காலையில் எழுந்ததும் எடை பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாளில் எடை சடசடவென்று ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர், உடனே ஓடி வர வேண்டும். வாசல் வரைக்கும் வந்தவர் கடைசியாக ஒன்று சொன்னார். “மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க. விட்டா நுரையீரல்ல தண்ணி ஏறும். கட்டில்ல படுத்துக்கிட்டே முங்கிப் போயிடுவீங்க.” வீட்டுக்கு வந்ததும் அக்கா செம்பை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு டம்ளரில் அளந்து கொடுக்க ஆரம்பித்தாள், இன்னொரு டம்ளருக்காக அவர் கெஞ்சிக்கொண்டு நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாளிலிருந்து எங்கள் லாரி பாதை மாறியது. முன்பெல்லாம் எந்தத் தெரு கிட்டே, எந்தத் தெருவில் மேடு என்று பார்த்துப் போவோம். இப்போது எங்கே கழிப்பறை என்று பார்த்துப் போனோம். பெட்ரோல் பங்க், நூலகம், பஸ் நிலையம், பல் டாக்டரின் கிளினிக். அந்தப் பல் டாக்டர் பாவம், மாமாவுக்குப் பல்வலி தீரவே இல்லை என்று நினைத்திருப்பார். மாத்திரை உள்ளே போனால் அது வேலையைக் காட்டாமல் விடாது. நல்ல மாத்திரை, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது நேரம் காலம் பார்க்காது, சிக்னல் பார்க்காது.

வாடிக்கையாளர் வீடுகளிலும் கேட்டுப் பார்த்தார். தண்ணீர் லாரிக்காரன் என்றால் தரைத்தொட்டி வரைக்கும்தான். வீட்டுக்குள் காலடி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கமே கிடையாது. இருந்தாலும் சில பேர் விட்டார்கள். திரும்பி வந்து ஏறும்போது மாமா சிரிப்பார். “அவங்க வாங்குன தண்ணில கொஞ்சத்த அவங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டு வந்தேன் மாப்ள.” ஆனால் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் கதை வேறு. அங்கே கீழே காவலாளிக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. அதன் சாவி குடியிருப்புச் செயலாளர் இடுப்பில் தொங்கும். மாமா இரண்டாம் தடவை கேட்டதும் செயலாளர் மறுநாளே அங்கே ஒரு பலகை மாட்டிவிட்டார். லாரிக்காரர்கள் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி இல்லை. எழுத்துப் பெரிதாக, சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் மாமாவின் காது மடல் சிவந்துபோனது, நான் பார்த்தேன்.

அந்த வாரமே ரயில்வே கேட்டில் மாட்டினோம். சரக்கு ரயில். அந்தக் கழுதை நத்தை மாதிரி ஊர்ந்தது, பெட்டி மேல் பெட்டியாக வந்துகொண்டே இருந்தது. முன்னால் ஒரு பஸ், பின்னால் இரண்டு கார், இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள். மாமா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தார். தொடையைச் சேர்த்து வைத்தார். முகம் வேர்த்தது. நான் ரயிலைத் திட்டினேன், ரயில்வேயைத் திட்டினேன், தண்டவாளத்தைக் கண்டுபிடித்தவனைத் திட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவர் கை தளர்ந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்துவிட்டது.

அடுத்த வீட்டில் வீட்டுக்காரம்மா வாசலில் காத்திருந்தார், கூட நாலைந்து பேர். மாமா கேபினை விட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அங்கே தரைத்தொட்டி மூடியை அவர்தான் இறங்கித் தூக்கிக் கொடுக்க வேண்டும், எனக்கு ஒற்றை ஆளாக அது நகராது. நான் யோசிக்கவே இல்லை. ஹோஸை அரைகுறையாக மாட்டி வால்வைத் திறந்தேன். அது பீய்ச்சி அடித்தது. “ஐயோ, ஹோஸ் கழண்டுக்கிச்சு!” என்று கத்திக்கொண்டே கேபின் கதவைத் திறந்து அவர் மேலும் அடித்தேன், என் மேலும் அடித்தேன். வீட்டுக்காரம்மா மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினார். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து நின்று திட்டு வாங்கினோம். மாமா ஈரச் சட்டையைப் பிழிந்துவிட்டு வண்டியை எடுத்தார். நான் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை, அக்காவிடம்கூட.

அதற்குப் பிறகு அதிசயமாக எல்லாம் சரியாகிவிட்டது. பெட்ரோல் பங்கில் நிற்பதில்லை. பல் டாக்டர் நிம்மதியாக இருந்தார். “என்ன மாமா, மாத்திரை ஒத்துப்போச்சா?” என்றேன். “ஒடம்பு பழகிக்கிச்சு” என்றார். காலையில் கேபினில் ஏறியதும் ஜன்னல் வழியாக ஒரு துப்புத் துப்புவார், அவ்வளவுதான். தண்ணீரும் அதிகம் குடிப்பதில்லை, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவார். செம்பு செம்பாகக் குடித்தவர் இப்படி அடங்கிவிட்டாரே என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். வாய் சும்மா இருக்காமல் சிப்ஸ் மட்டும் தின்பார். அந்தப் பாக்கெட்டுகள் ஸ்பானர் பெட்டியில், ஸ்பானருக்கு அடியில் இருக்கும். உப்பும் எண்ணெயுமாக ஸ்பானர்களே பளபளத்தன.

பிறகு ஒரு நாள் அவர் செருப்பில்லாமல் பிரேக்கை மிதிப்பதைப் பார்த்தேன். பாதம் உப்பிப்போய்ப் பெடலைவிட அகலமாக இருந்தது. ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேசினார். கேபினுக்கு ஏறும்போது நடுப்படியில் நின்று, வானத்தைப் பார்ப்பது போலப் பாவனை பண்ணினார்.

நேராக அக்காவிடம் போனேன். “மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?”

“என் கையால குடுக்கறேன்டா. என் கண்ணு முன்னாடிதான் போடறார்.”

“எடை?”

“கல்லு மாதிரி நிக்குது. ஒரு கிலோ ஏறல.”

அக்கா பொய் சொல்லமாட்டாள். அதுவும் எடை விஷயத்தில் அவளை ஏமாற்ற யாராலும் முடியாது. தராசுத் தட்டில் சுண்டு விரலை வைப்பவனை அடுத்த கடையில் இருந்துகொண்டே பிடித்துவிடுவாள். அப்படியானால் பாதம் ஏன் பெடலைவிட அகலம்? எனக்கு மண்டை குடைந்தது. மறுநாள் காலையில் லாரியை நானே ஓட்டி வந்து தெருமுனையில் விட்டுவிட்டு, அவர் எடை பார்க்கிற நேரத்துக்கு வீட்டுக்குள் போய் நின்றேன்.

எடை மிஷின் குளியலறை வாசலில் இருந்தது. மாமா லுங்கியைத் தரை வரைக்கும் தழைத்துக் கட்டியிருந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற ஆள்கூட அப்படித் தழைத்துக் கட்டமாட்டான். மெதுவாக ஏறினார். தோளைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தார். அக்கா குனிந்து முள்ளைப் பார்த்து, “அதேதான்” என்றாள். அவள் பார்த்தது முள்ளை. நான் பார்த்தது தோளை. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். ஜல்லி லாரி நாட்களில், லோடு அளவுக்கு மேல் போனால் எடை மேடையில் பின் சக்கரம் ஒன்றை மேடை விளிம்புக்கு வெளியே இறக்கி நிறுத்துவோம். மேடைக்கு அந்தப் பாரம் தெரியாது. லாரி மட்டும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதைப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

“மாமா, லுங்கியக் கொஞ்சம் தூக்குங்க.”

“போடா, வெக்கம் கெட்டவனே.”

நான் தூக்கினேன். இடது குதிகால் மிஷினுக்கு வெளியே, தரையில் நன்றாக ஊன்றி நின்றது. என் காலால் அந்தக் குதிகாலை மேலே தள்ளினேன். முள் ஒரு குதி குதித்தது. அது போய் நின்ற இடத்தைப் பார்த்து அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாள் பூரா தராசு புடிக்கிறவ நான்” என்றாள். “என்னையே ஏமாத்தியிருக்கீங்களே.” அப்புறம் தலையைத் தூக்கி, “மாத்திரை?” என்றாள்.

மாமா லுங்கியை இழுத்து விட்டுக்கொண்டார். எனக்கு அந்தக் காலைத் துப்பல் ஞாபகம் வந்தது. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, லாரியில் ஏறியதும் ஜன்னல் வழியாக. ஒவ்வொரு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்.

“உள்ள... தண்ணி விட்டாத்தான... வெளிய எடுக்கணும்?” என்றார் மூச்சு வாங்க. “நான் உள்ளயே... விடறதில்ல. மேல் வால்வ... மூடிட்டா... கீழ் வால்வு எதுக்கு?”

டாக்டரம்மாவின் விளக்கம் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். எனக்கு அவரை ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. “வியாக்கியானம் இருக்கட்டும், நெஜத்தச் சொல்லுங்க. எப்ப இருந்து?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “ரயில்வே கேட்டுல இருந்து.”

எனக்குப் புரிந்தது. அக்காவுக்குப் புரியவில்லை. அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். “சீட்டுலயே... ஒண்ணுக்குப் போயிட்டேன்டி. இந்த வயசுல. இவன் பக்கத்துல. போதுமா?”

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நான் எடை மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா எழுந்தாள். “இதுக்கா?” என்றாள். “இதுக்கா சாகப் பாத்தீங்க? நான் ரெண்டு புள்ள பெத்தவ. தும்மினாலே எனக்குப் போகும். மொளகா மூட்டைக்குப் பக்கத்துல கடை வெச்சிருக்கேன், ஒரு நாளைக்கு எத்தன தடவ தும்முவேன்? துணிய மாத்திக்கிட்டு அடுத்த ஆளுக்கு எடை போடறேன். அதுக்காக நான் தூக்கு மாட்டிக்கிட்டேனா?”

மாமா திரும்பினார். “நெஜமாவா?”

“புள்ளைங்க பொறந்ததுல இருந்து.”

“எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“நீங்க சொன்னீங்களா?”

அதற்கு மேல் அங்கே பேச்சில்லை, அவருக்கு மூச்சும் இல்லை. அடுத்த லோடுக்காக நிரப்பி வைத்திருந்த தண்ணீரோடே லாரியை எடுத்து, அக்காவையும் அவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். எங்களுக்கு அது பழமொழி இல்லை, பாடம். முழு டேங்க் ஆடாமல் வந்தது, வழி முழுக்க என் நெஞ்சுதான் ஆடியது. செத்துவிடுவார் என்று பயந்தேன். பயத்தில் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். அவர் அந்த நிலையிலும், “கியர மாத்து... மாப்ள, வண்டி அழுவுது” என்றார்.

ஊசி மூலம் அதே மருந்தை ஏற்றினார்கள். குழாய் போட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒரு பையைத் தொங்கவிட்டார்கள். பை நிரம்ப நிரம்ப நர்ஸ் வந்து காலி செய்துகொண்டே இருந்தார். “ஐயோ பெரியவரே, எங்க வெச்சிருந்தீங்க இவ்வளவையும்?” என்றார். மாமா முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. இரண்டு நாளில் அவருடைய கணுக்கால் எலும்பு, வெளியூர் போயிருந்த சொந்தக்காரன் மாதிரி திரும்பி வந்து எட்டிப் பார்த்தது. அக்கா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

டாக்டரம்மா வந்து நின்று ஒரு கத்துக் கத்தினார். அதற்குப் பிறகுதான் விளக்கம். “மேல் வால்வ மூடினீங்க, சரி. ஏற்கெனவே டேங்குல நெறஞ்சிருக்கறத யார் வந்து திறந்து விடுவாங்க? அதுக்கு மேல சிப்ஸ். உப்பு இருந்தா உள்ள இருக்கற தண்ணி வெளிய போகவே போகாது. சாப்பாட்டுலயும் தண்ணி இருக்கு, தெரியுமா?” பிறகு குரல் இறங்கியது. “வேலைக்கு நடுவுல கஷ்டமா இருக்குன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நேரத்த மாத்திக் குடுத்திருப்பேனே.”

“லேடீஸ் கிட்ட அதப் போயி...”

“நான் நாள் பூரா எல்லார்கிட்டயும் கேக்கறதே அதத்தான்.”

லோடு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, மதியத்தில் மாத்திரை போடலாம் என்று மாற்றிக் கொடுத்தார். நேரத்தை இனிமேல் மாற்றினாலும் தன்னைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்றார். இப்போதைக்கு ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்றும் சொன்னார். “மோட்டார் புதுசாகுமா?” என்று மாமா கேட்டார். “ஆகாது. ஆனா பாத்து ஓட்டினா இத வெச்சே ரொம்ப நாள் ஓட்டலாம்” என்றார் டாக்டரம்மா. மாமா தலையாட்டினார். அவருக்குப் பழைய வண்டி ஓட்டிப் பழக்கம்தான்.

இப்போது ஸ்டீயரிங் என்னிடம். ஹோஸும் என்னிடம்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நான் ஓட்டுவதைக் குறை சொல்வது அவருடைய வேலை. அதை மூச்சு வாங்காமல் செய்கிறார்.

ஒரு நாள் போர்வெல் மோட்டார் பழுதாகித் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மதியம் வரைக்கும் காத்துக் கிடந்தோம். மாத்திரை நேரம் வந்துவிட்டது. இந்தத் தடவை அவர் யோசிக்கவில்லை, என் கண் முன்னால் போட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டினார். கடைசி லோடு அந்தச் சிவப்புப் பலகைக் குடியிருப்புக்கு. போய் நிற்கவும் மாத்திரை வேலையைத் தொடங்கவும் சரியாக இருந்தது. காலையிலிருந்து தண்ணீர் இல்லாமல் மாடி மாடியாக ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா இறங்கிச் செயலாளர் முன்னால் போய் நின்றார். “சாவி வேணும் சார்.”

“போர்டு பாக்கல?”

“பாத்தேன். லாரிக்காரங்களுக்குன்னு போட்டிருக்கு. நான் இதய நோயாளி.” குரலை ஒரு பிடி ஏற்றினார். மேல் மாடி வரைக்கும் கேட்டிருக்கும். “ஒண்ணுக்குப் போற மாத்திரை போட்டிருக்கேன். மொதல்ல என் டேங்கு காலியாகணும். அப்புறம்தான் உங்க டேங்கு நெறையும்.”

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் வால்வு மேல் கையை வைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தேன். மேலேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “சாவியக் குடுங்க சார், புண்ணியமாப் போகும்! பாத்திரமெல்லாம் காயுது!” அடுத்த மாடியும் அதையே சொன்னது. அந்தச் சாவி இடுப்பை விட்டு அவ்வளவு வேகமாக வெளியே வந்ததை அந்தக் குடியிருப்பு பார்த்திருக்காது.

மாமா நிதானமாகப் போனார், நிதானமாக வந்தார். சாவியைக் கையில் கொடுத்து, “ஃப்ளஷ்ல தண்ணி இல்ல சார்” என்று குறை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “மாப்ள, வால்வத் தொற” என்றார். நான் திறந்தேன்.

தினமும் காலையில் லாரியை அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். என்றைக்காவது ஒரு நாள் அந்த முள் எங்கள் பேச்சைக் கேட்காமல் ஏறும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அதனால் அந்தக் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே எடை மிஷின் கடக்கென்று சத்தம் போடும். மார்க்கெட்டுக்குக் கூடை கட்டிக்கொண்டே அக்கா தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள், “ரெண்டு காலும்?”

“ரெண்டும் மேலதான்டி இருக்கு, வேணும்னா வந்து எண்ணிக்கோ!”

அவள் கூடையைப் போட்டுவிட்டு எண்ணத்தான் போவாள்.